பழைய கார்களில் மின் கோளாறு: ஒரு சிறு வரலாறு

செஞ்சி, திண்டிவனம் பகுதியில் உள்ள வல்லம் போன்ற ஊரில், ஒரு பழைய அம்பாசடர் இரவில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செல்ஃப் எடுக்கவில்லை, "டிக்" என்று சத்தம் மட்டும் வருகிறது. விளக்கும் மங்கல். பேட்டரி போய்விட்டது என்று புதிதாக வாங்கி மாட்டுவார்கள். அடுத்த வாரமே அதே கோளாறு திரும்ப வரும். பல நேரங்களில் உண்மையான காரணம், துருப்பிடித்த ஓர் எர்த் போல்ட்தான். இது ஏன் என்று புரிய, கொஞ்சம் வரலாறு தேவை.

முதலில் கார்களை ஹேண்டில் சுற்றித்தான் கிளப்பினார்கள். 1912-இல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்தது. அதற்குப் பிறகு பேட்டரியும் டைனமோவும் காருக்கு இன்றியமையாதவை ஆயின. பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு மின் பாகங்கள் தந்தது பர்மிங்காமின் ஜோசப் லூகாஸ் நிறுவனம். விளக்குகள் அடிக்கடி அணைந்ததால் லூகாஸுக்கு "இருட்டின் இளவரசர்" என்று கேலிப் பெயரே உண்டு.

நம் நாட்டு அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மறுவடிவம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் சென்னையில் தயாரானது. அதே 1961-இல் டி.வி.எஸ். குழுமமும் லூகாஸும் சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. இப்படித்தான் பர்மிங்காமின் மின் முறை நம் ஊர் பட்டறைகளுக்கும் வந்தது.

இந்த முறையில் மின்சாரம் ஒயர் வழியாகப் போகும். திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடல் வழியாக. ஒயர் மிச்சம்தான். ஆனால் உடலைத் தொடும் இடம் துருப்பிடித்தால், மின்சாரம் வேறு வழி தேடும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்குவது இதனால்தான். விளக்கின் உடலிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கு ஒரு தனி ஒயரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெளிச்சம் கூடினால் குற்றவாளி எர்த்தே.

அக்காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே உடலோடு இணைந்திருக்கும். 1960-களின் நடுவில்தான் நெகட்டிவ் எர்த் பரவலானது. ஆகவே பேட்டரி மாட்டும் முன் எந்த முனை எர்த் என்று பார்ப்பது அவசியம். தலைகீழாக மாட்டினால், பின்னாளில் பொருத்திய ஆல்டர்னேட்டரின் டையோடு எரிந்துபோகும்.

டைனமோ குறைந்த வேகத்தில் சரியாக சார்ஜ் தராது. ஐடிலிங்கில் சிவப்பு விளக்கு லேசாக எரிவது இயல்பு. வேகம் கூட்டியும் அணையாவிட்டால் ஃபேன் பெல்ட், கார்பன் பிரஷ், கட்-அவுட் என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

லூகாஸின் பெரிய கொடை ஒயர் நிறங்கள். ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு. சாவி திறந்ததும் உயிர் பெறுவது வெள்ளை. அதன் பின் ஃபியூஸ் வழியாக வருவது பச்சை. ஹெட்லைட்டுக்கு நீலம், சிறு விளக்குகளுக்கு சிவப்பு, எர்த்துக்கு கறுப்பு. ஆங்கிலம் தெரியாத எலக்ட்ரீஷியனும் இந்த நிறங்களையும் ஒரு டெஸ்ட் லாம்பையும் வைத்தே கோளாறைப் பிடிக்கலாம். பேட்டரி முனைகள், எர்த், ஃபியூஸ், பிறகு சுவிட்ச் என்று வரிசையாகப் போனால் போதும்.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. மிச்சமுள்ள வண்டிகளில் பல, அவசரத்துக்குக் கிடைத்த ஒரே நிற ஒயரால் பழுது பார்க்கப்பட்டவை. அன்றைக்கு விளக்கு எரிந்தது, ஆனால் அடுத்து வருபவருக்கு வழி காட்டும் வரைபடம் அழிந்தது. பழைய காரைக் காப்பாற்ற நினைப்பவர் பெயிண்டுக்குச் செலவழிக்கும் முன், அறுந்த ஒயரை அதே நிறத்தில் மாற்றட்டும்.