காஞ்சிபுரம் தொடருந்து நிலையம்

காஞ்சிபுரம் தொடருந்து நிலையம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் நகரில் உள்ள ஒரு தொடருந்து நிலையம் ஆகும். இது செங்கல்பட்டு – அரக்கோணம் கிளைப் பாதையில் அமைந்துள்ளது. தென்னக இரயில்வேயின் சென்னைக் கோட்டத்தின் நிருவாகத்தில் உள்ளது. இதன் குறியீடு சி.ஜே. ஆகும். ஆங்கிலேயர் காலத்தில் இந்நகருக்கு வழங்கிய 'காஞ்சீவரம்' என்னும் பெயரை ஒட்டி இக்குறியீடு அமைந்தது. இந்நகரில் காஞ்சிபுரம் கிழக்கு என்னும் மற்றொரு நிலையமும் உண்டு.

1865 ஆம் ஆண்டிலேயே தொடருந்து வந்த நகரம் காஞ்சிபுரம். மூன்று வெவ்வேறு அகலங்கள் கொண்ட பாதைகளை அடுத்தடுத்துக் கண்ட நிலையம் என்பது இதன் தனிச்சிறப்பு. எனினும் இன்றளவும் இது முதன்மைப் பாதை எதிலும் இடம்பெறவில்லை. நகரின் பயணிகள் போக்குவரத்தில் பேருந்து முதலிடம் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அமைவிடம்

செங்கல்பட்டிலிருந்து வரும்போது வில்லியம்பாக்கம், பாலூர், பழையசீவரம், வாலாஜாபாத், நத்தப்பேட்டை முதலிய நிலையங்களைக் கடந்து காஞ்சிபுரத்தை அடையலாம். காஞ்சிபுரத்தை அடுத்துப் பாதை திருமால்பூர், தக்கோலம் வழியாக அரக்கோணம் சென்று சேர்கிறது. 2019 ஆம் ஆண்டு நவம்பரில் செங்கல்பட்டு, இராணிப்பேட்டை மாவட்டங்கள் உருவாக்கப்பட்டபின் இப்பாதை செங்கல்பட்டு, காஞ்சிபுரம், இராணிப்பேட்டை ஆகிய மூன்று மாவட்டங்களின் ஊடாகச் செல்கிறது.

இப்பாதையில் உள்ள வாலாஜாபாத் நிலையத்தையும், இராணிப்பேட்டைக்கு அருகில் சென்னை – காட்பாடி பாதையில் உள்ள வாலாஜா ரோடு நிலையத்தையும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது.

வரலாறு

தொடக்கம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடருந்துப் பாதை 1856 ஆம் ஆண்டு சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. சென்னை இரயில்வே நிறுவனம் அமைத்த இப்பாதை அரக்கோணம் வழியாகச் சென்றதால் காஞ்சிபுரம் ஒதுங்கி நின்றது. இக்குறையைப் போக்க இந்தியன் டிராம்வே நிறுவனம் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை ஏறத்தாழ 30 கி.மீ. (19 மைல்) நீளத்துக்குக் கிளைப் பாதை ஒன்றை அமைத்து 1865 ஆம் ஆண்டு திறந்தது. நிறுவனத்தின் பெயரில் 'டிராம்வே' என்று இருந்தபோதிலும் இது நகரத் தெருக்களில் ஓடும் டிராம் அன்று. இரு ஊர்களை இணைத்த இருப்புப்பாதையே ஆகும்.

செலவைக் குறைக்கும் பொருட்டு இப்பாதை 3 அடி 6 அங்குல (1067 மி.மீ.) அகலத்தில் இடப்பட்டது. சென்னை இரயில்வேயின் பாதையோ 5 அடி 6 அங்குல (1676 மி.மீ.) அகலம் உடையது. எனவே ஒரு பாதையின் பெட்டிகள் மற்றதில் ஓட இயலாது. பயணிகள் அரக்கோணத்தில் வண்டி மாற வேண்டியிருந்தது. சரக்குகளையும் இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது. குறைந்த செலவில் பாதை இட்டதன் விலையை இவ்வாறு அன்றாட இயக்கத்தில் கொடுக்க நேர்ந்தது.

மீட்டர் பாதை

இந்தியன் டிராம்வே நிறுவனம் பின்னர் கர்நாடிக் இரயில்வே எனப் பெயர் மாறியது. 1874 ஆம் ஆண்டு இது நாகப்பட்டினம் – திருச்சிராப்பள்ளிப் பாதையை அமைத்த கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா இரயில்வேயுடன் இணைக்கப்பட்டுத் தென்னிந்திய இரயில்வே உருவானது.

இதற்கிடையில், 1870 ஆம் ஆண்டு மேயோ பிரபுவின் ஆட்சியில், சிக்கனமான பாதைகளுக்கு மீட்டர் அகலத்தை (1000 மி.மீ.) மேற்கொள்ள இந்திய அரசு முடிவு செய்தது. தென்னிந்திய இரயில்வேயும் தன் பாதைகளை அவ்வகலத்துக்கு மாற்றியது. அதன்படி அரக்கோணம் – காஞ்சிபுரம் பாதை 1878 ஆம் ஆண்டு மீட்டர் பாதையாக்கப்பட்டது. பழைய அகலத்துக்கும் புதிய அகலத்துக்கும் இடையிலான வேறுபாடு 67 மி.மீ. மட்டுமே. ஆயினும் அச்சிறு வேறுபாட்டுக்காக முழுப் பாதையையும் மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று.

பின்னர் காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு வரை பாதை நீட்டிக்கப்பட்டது. இதனால் காஞ்சிபுரம், சென்னையிலிருந்து தெற்கே சென்ற மீட்டர் பாதைத் தொகுதியுடன் நேரடியாக இணைந்தது. அரக்கோணத்தில் மட்டும் அகலப் பாதைக்கு வண்டி மாறும் நிலை தொடர்ந்தது. 1951 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 அன்று தென்னக இரயில்வே அமைக்கப்பட்டபோது இந்நிலையமும் அதன்கீழ் வந்தது.

அகலப் பாதையும் மின்மயமும்

நாடு முழுவதும் ஒரே அகலப் பாதையைக் கொண்டுவரும் திட்டம் 1992 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன்படி செங்கல்பட்டு – அரக்கோணம் பாதையும் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. 1865 முதல் நிலவிவந்த அரக்கோணம் இடமாற்றச் சிக்கல் இதன்மூலம் நீங்கியது.

பாதை மின்மயமானபோது வேறொரு தடை எழுந்தது. அரக்கோணத்தில் 1992 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். இராஜாளி என்னும் கடற்படை வானூர்தித் தளத்தின் ஓடுபாதைக்கு அருகே தொடருந்துப் பாதை சென்றது. வானூர்திகள் இறங்கும் வழியில் மின்கம்பிகள் அமைப்பது இயலாததாக இருந்தமையால், சென்னையிலிருந்து வந்த மின்தொடர் வண்டிகள் நீண்டகாலம் திருமால்பூருடன் நின்றன. தக்கோலம் – அரக்கோணம் இடையே தளத்தை விலகிச் செல்லும் மாற்றுப் பாதை அமைக்கப்பட்ட பின்னரே மின்தொடர் வண்டிகள் அரக்கோணத்தை எட்டின. 2019 ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம் வழியாகச் சென்னைக்குத் திரும்பும் சுற்றுவட்டச் சேவை தொடங்கப்பட்டது.

தொலைவும் பேருந்தும்

சென்னையிலிருந்து சாலை வழியாகக் காஞ்சிபுரம் ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவில் உள்ளது. தொடருந்தில் செங்கல்பட்டு வழியாகச் சென்றாலும், அரக்கோணம் வழியாகச் சென்றாலும் தொலைவு ஏறத்தாழ 95 கி.மீ. அளவுக்கு ஆகிறது. சாலை முக்கோணத்தின் ஒரு பக்கம் போல நேராகச் செல்ல, தொடருந்து மற்ற இரு பக்கங்களையும் சுற்றி வருவதே இதற்குக் காரணம். நகருக்கு வடக்கே செல்லும் சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை (48, முன்னர் 4) இந்த வேறுபாட்டை மேலும் வலுப்படுத்துகிறது.

காஞ்சிபுரம் பேருந்து நிலையம் நகரின் மையப்பகுதியில், தொடருந்து நிலையத்திலிருந்து தனித்து அமைந்துள்ளது. இங்கிருந்து சென்னை, தாம்பரம், செங்கல்பட்டு, வேலூர், திருப்பதி, வந்தவாசி, உத்திரமேரூர் முதலிய ஊர்களுக்குப் பேருந்துகள் செல்கின்றன. அரசுப் பேருந்துகளை எம். ஜி. ஆர். போக்குவரத்துக் கழகம் இயக்கிவந்தது. 1997 ஆம் ஆண்டு மாநிலத்தின் போக்குவரத்துக் கழகங்களுக்குச் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. தற்போது இப்பகுதிப் பேருந்துகள் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத்தைச் சேர்ந்தவை.

குடவோலை முறையைக் கூறும் சோழர் காலக் கல்வெட்டால் அறியப்பட்ட உத்திரமேரூருக்குத் தொடருந்து நிலையம் இல்லை. அவ்வட்டாரத்தில் செய்யாற்றை அடுத்த மாகறல், காவாந்தண்டலம் முதலிய சிற்றூர்களுக்கும் பேருந்தே பொதுப் போக்குவரத்து. அங்கிருந்து காஞ்சிபுரத்துக்குப் பேருந்தில் வந்து தொடருந்து ஏறுவோர், பேருந்து நிலையத்திலிருந்து தொடருந்து நிலையத்துக்கு மற்றொரு சிறு பயணம் மேற்கொள்ள வேண்டியுள்ளது. சிற்றூரிலிருந்து புறப்படுவோருக்கு இவ்விடைவெளி நேரத்தையும் செலவையும் கூட்டுகிறது.

விழாக்காலப் போக்குவரத்து

வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசிப் பெருவிழாவின்போது, குறிப்பாகக் கருடசேவை நாளில், வெளியூர் மக்கள் பெருந்திரளாக வருவர். இக்கோயிலின் அத்தி வரதர் சிலை குளத்திலிருந்து எடுக்கப்பட்டு 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை காட்சிக்கு வைக்கப்படுகிறது. 1979 ஆம் ஆண்டு அவ்விழா நடந்தபோது காஞ்சிபுரத்துக்கு மீட்டர் பாதை வண்டிகளே வந்தன. 2019 ஆம் ஆண்டு சூலை 1 முதல் ஆகத்து 17 வரை விழா நடந்தபோது அகலப் பாதையில் மின்தொடர் வண்டிகள் ஓடின. தென்னக இரயில்வே சிறப்பு வண்டிகளையும் இயக்கியது. நகருக்குள் ஊர்திகள் நுழையக் கட்டுப்பாடு இருந்த அந்நாட்களில், நாள்தோறும் பேருந்தை நாடும் பலர் தொடருந்தில் வந்தனர்.

முதன்மை

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்துக்கு வெளியூர்த் தொடர்பு இன்றியமையாதது. சென்னைக்கு வேலைக்கும் கல்விக்கும் செல்வோர்க்குத் தொடருந்து குறைந்த கட்டணப் பயணத்தை அளிக்கிறது. திருப்பதி – புதுச்சேரி வண்டியும் இவ்வழியே செல்வதால் இரு யாத்திரைத் தலங்களுக்கு இடையே நேரடி இணைப்பும் உண்டு. ஒரு நகருக்குத் தொடருந்து எப்போது வந்தது என்பதோடு, எந்த வழியாக, எந்த அகலத்தில் வந்தது என்பதும் அதன் பயன்பாட்டைத் தீர்மானிக்கிறது என்பதற்குக் காஞ்சிபுரம் ஓர் எடுத்துக்காட்டாகும்.