நியமகிரித் தீர்ப்பு (2013)

ஒடிசாவின் ராயகடா, காலாஹண்டி மாவட்டங்களில் பரந்துள்ள நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் அமைப்பது குறித்து உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று வழங்கிய தீர்ப்பு. டோங்கிரியா கோந்து பழங்குடியினருக்கு இம்மலை அவர்களின் தெய்வமான நியமராஜாவின் இருப்பிடம். அதன் உச்சிக் காட்டில் அவர்கள் மரம் வெட்டுவதில்லை. வம்சதாரா ஆற்றுக்கு நீர் தரும் ஓடைகள் ஊறுவதும் அம்மலையில்தான். கோபுரமோ கருவறையோ இல்லாத இந்த வழிபாட்டுக்கும் அரசியலமைப்பின் 25, 26ஆம் பிரிவுகளின் காப்பு உண்டு என நீதிமன்றம் ஏற்றதே தீர்ப்பின் உயிர்நாடி. மதச்சார்பற்ற அரசால், சாமி எங்கே குடியிருக்கிறது என்று மக்களுக்குச் சொல்லித்தர முடியாது. எனவே 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிராம சபைகளிடம் கருத்துக் கேட்கப்பட்டது. மழைக்காலத்தில் மலையூர்களிலேயே, நீதித்துறை அலுவலர் முன்னிலையில் கூடிய 12 சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வன அனுமதியை மறுத்தது.