வீட்டுப் பானையும் ஒட்சிசன் நீரும்

1818ஆம் ஆண்டில் பிரெஞ்சு இரசாயன அறிஞர் தெனார், பேரியம் பேரொட்சைட்டை அமிலத்தோடு சேர்த்து ஒரு புதிய திரவத்தைப் பெற்றார். நீரிலும் பார்க்க ஓர் ஒட்சிசன் அணுவைக் கூடுதலாகக் கொண்ட அதனை 'ஒட்சிசனேற்றிய நீர்' என அவர் அழைத்தார். ஐதரசன் பேரொட்சைட்டு என இன்று வழங்குவது அதுவே. மருந்துக் கடையிற் சிறு போத்தலில் விற்கப்படும் இத்திரவத்தை, மேல்நாடுகளில் வீட்டிலே பியர் காய்ச்சுவோர் தம் பாத்திரங்களிலுள்ள கிருமிகளை ஒழிக்கவும் கையாளுகின்றனர். அற்பமான செய்தி போலத் தோன்றும். ஆயின் வீட்டுக்கு உரியதாயிருந்த ஒரு தொழில் வீட்டைவிட்டுப் போய், பின்பு திரும்பி வந்த கதை இதன் பின்னே உண்டு.

மத்திய கால இங்கிலாந்தில் 'ஏல்' என்னும் பானத்தைக் காய்ச்சியோர் பெரும்பாலும் பெண்களே. உரொட்டி சுடுவதுபோல அதுவும் ஒரு வீட்டு வேலை. மிஞ்சியதை அயலாருக்கு விற்று நாலு காசு தேடியோர் பலர். ஏல் விரைவிற் புளித்துவிடும். ஆதலால் சிறிது சிறிதாக அடிக்கடி காய்ச்ச வேண்டியிருந்தது. 15ஆம் நூற்றாண்டில் ஹொப் என்னும் கொடியின் பூவைச் சேர்க்கும் வழக்கம் அங்கே பரவிற்று. பானம் நாட்பட நின்றது. நாட்பட நிற்பதைத் தொலைவுக்கு அனுப்பலாம், பெருந்தொகையாகச் செய்யலாம். ஆனால் அதற்குப் பெருங் கொப்பரையும் முதலும் வேண்டும். முதல் எவரிடம் இருந்ததோ அவரிடமே தொழிலும் போய்ச் சேர்ந்தது. பெண்களின் கையிலிருந்து அது மெல்ல மெல்ல நழுவிற்று.

கொதிநீரிற் பானையைக் கழுவ வேண்டும் என்பதற்குக் காரணம் கூற அப்பெண்களால் முடியாதிருக்கலாம்; செய்யத் தெரிந்திருந்தது. கருப்பநீர் வேண்டும்போது முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசும் நமது சீவல் தொழிலாளியின் அறிவும் இத்தகையதே. அதனை அறிவென்று ஒப்புக்கொள்ளப் படித்தவர்களாகிய நாம் இன்றும் தயங்குகிறோம்.

காரணத்தைக் கண்டவர் லூயி பாஸ்ரர். பிரசியாவிடம் பிரான்சு தோற்ற பின், ஜெர்மானியப் பியரை வெல்லும் பியரைத் தன் நாடு செய்யவேண்டும் என்ற வேகம் அவருக்கிருந்தது. (விஞ்ஞானிக்கும் நாட்டுக் கோபம் உண்டு.) 1871இல் இலண்டனிலுள்ள விற்பிரெட் ஆலைக்குச் சென்று, அங்கிருந்த மதுவத்தை நுணுக்குக்காட்டியில் வைத்து, அதனோடு கலந்திருந்த வேற்றுயிர்களை ஆலையாருக்குக் காட்டினார். சில நாள்களிலேயே ஆலை தனக்கென ஒரு நுணுக்குக்காட்டியை வாங்கிவிட்டது. பியர் பற்றிய அவரது நூல் 1876இல் வெளிவந்தது. 1883இல் கோப்பன்கேகனிலுள்ள கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் ஹன்சன் தூய மதுவத்தைத் தனித்து வளர்த்தார். ஆலை அதனை மறைத்து வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. பாராட்டத் தக்க செயல். எனினும் கொடை ஆலையிலிருந்து ஆலைக்கே சென்றது. அடுப்படியை அது எட்டவில்லை.

எட்டாமற் செய்ததிற் சட்டத்துக்கும் பங்குண்டு. 1880இல் கிளாட்ஸ்ரன் முளைகட்டிய பார்லி மீதான வரியை நீக்கிப் பியர் மீது வரி விதித்தபோது, வீட்டிற் காய்ச்சுவோரும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டனர். 1963இலேயே அது நீங்கிற்று. அமெரிக்காவில் 1920இல் வந்த மதுவிலக்கு 1933இல் ஒழிந்தது. வீட்டில் திராட்சை மது செய்யச் சட்டம் இடந்தந்தது; பியருக்குத் தரவில்லை. அதற்கு 1978 வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வாறு தொழில் வீடு திரும்பியபோது ஆலையின் அறிவும் கூடவே வந்தது. வெளிற்றும் தூளில் உள்ள குளோரீன் சிறிது எஞ்சினாலும் பானத்தில் மருந்து நெடி ஏறும். பேரொட்சைட்டோ நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துவிடும். ஆயினும் பிரியுமுன் அது பானத்திற் கலந்தால் ஒட்சியேற்றத்தால் சுவை கெடும். கடையில் விற்பது பெரும்பாலும் 3 வீதக் கரைசல். அதனிலும் பன்மடங்கு செறிந்தது தோலைச் சுடும்.

இன்னொன்று. மதுவத்தில் கற்றலேசு என்னும் நொதியம் உண்டு. அது பேரொட்சைட்டைக் கண்டவுடன் பிரித்துவிடும். பழைய மதுவம் ஒட்டிய பானையில் இத்திரவத்தை ஊற்றினால் நுரை பொங்கி எழும். கிருமி சாகிறது என்று பார்ப்பவர் மகிழ்வர். உண்மையில் அங்கே மருந்துதான் வீணாகிறது. ஆகவே போத்தலைத் திறக்குமுன் பானையைச் சுடுநீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டும். ஏல் காய்ச்சிய பெண்கள் செய்தது போல.