இழையச் சாயமேற்றல்: குருதிப் புற்றும் நிணநீர்ப் புற்றும்

நோயாளியிடமிருந்து எடுத்த இழையத்துக்குச் சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் கலங்களை இனங்காணும் மருத்துவ முறை. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் வாழும் தமிழர் இதனை அறிந்திருப்பது அவசியம். கழுத்தில் தோன்றும் நெறிக்கட்டு காசநோயாகவோ நிணநீர்ப் புற்றாகவோ இருக்கலாம். தொட்டுப் பார்த்து இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய இயலாது.

செய்முறை

வெட்டியெடுத்த நிணநீர்க் கணுவைப் போர்மலினில் பதப்படுத்தி, பரபின் மெழுகில் பதித்து, 3 முதல் 4 மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவுவர். முதலில் ஹீமெட்டொக்சிலின், இயோசின் சாயங்கள் ஏற்றப்படும். மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து பெறப்படும் ஹீமெட்டொக்சிலின் கருவை நீலமாக்கும். இயோசின் குழியவுருவை இளஞ்சிவப்பாக்கும். காசநோய்க் கிருமியைத் தேடச் சீல்-நீல்சன் சாயமும், குருதிப் புற்றைத் தேடும் குருதிப் பூச்சுக்கு லீஷ்மன் சாயமும் பயன்படும்.

பிறபொருளெதிரிச் சாயமேற்றல்

தோற்றத்தில் ஒத்திருக்கும் நிணநீர்க் கலங்களை அவற்றின் புரதங்களே காட்டிக்கொடுக்கும். 1941இல் அல்பேர்ட் கூன்ஸ் பிறபொருளெதிரியுடன் ஒளிரும் சாயத்தை இணைத்தார். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே இலக்கை மட்டும் பற்றும் பிறபொருளெதிரிகளை உருவாக்கினர். இன்று அவற்றோடு நொதியத்தைச் சேர்த்து, இலக்குக் கலம் கபில நிறமாகத் தெரியச் செய்கின்றனர். நிணநீர்க் கலங்களில், சிடி20 என்னும் புரதம் பி கலத்தையும் சிடி3 என்னும் புரதம் டி கலத்தையும் குறிக்கும். நிணநீர்ப் புற்று வகையான ஹொட்ஜ்கின் நோயின் பெருங்கலங்கள் வழமையாகச் சிடி30, சிடி15 இரண்டையும் காட்டும். பெருகும் கலங்களைக் காட்டும் கீ-67 புரதம், பேர்கிட் நிணநீர்ப் புற்றில் ஏறத்தாழ எல்லாக் கலங்களிலும் தென்படும்.

நிறம் சிகிச்சையையும் தீர்மானிக்கும். 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து, சிடி20 உள்ள கலங்களையே தாக்கும்.

சப்ரகமுவவில்

பலாங்கொடை, இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து வரும் ஏ4 வீதியும் எட்டியாந்தோட்டைப் பக்கத்து ஏ7 வீதியும் அவிசாவளையில் சந்திக்கின்றன. அங்கிருந்து ஏ4 வீதி, அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை அமைந்துள்ள மஹரகமைக்குச் செல்கிறது. கொழுந்து பறிப்பவரும் இறப்பர் பால் வெட்டுபவரும் அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, இழந்தே இப்பயணத்தை மேற்கொள்ள வேண்டும். ஆகவே முதல் மாதிரியே முறையாக எடுக்கப்படுவது முக்கியம். போர்மலினில் இடாத கணு அழுகிவிடும். பரிசோதனைக்கு முன் கொடுக்கும் ஸ்டெரொய்ட் மருந்து புற்றைச் சுருக்கி மறைத்துவிடக்கூடும். சரியாகப் பதித்த மெழுகுக் கட்டியோ பல்லாண்டு கெடாது. புதிய சாயம் தேவைப்பட்டால் அதிலிருந்தே மீண்டும் சீவலாம். அந்தக் கட்டியின் இலக்கம் எழுதிய அறிக்கையைப் பத்திரமாக வைத்திருக்கும் நோயாளிக்கு, கணுவை இன்னொரு முறை வெட்டவேண்டிய தேவை பெரும்பாலும் வராது.