நிலையான முகவரி தேடிய கதை



2006ஆம் ஆண்டில் என் வீட்டில் டி.எஸ்.எல். இணைய இணைப்பு இருந்தது. பழைய கணினி ஒன்றைச் சீர்செய்து, என் வகுப்பு மாணவர்கள் வாசித்த கதைகளின் ஒலிப்பதிவுகளை அதில் சேமித்தேன். பெற்றோர்கள் தத்தம் வீட்டிலிருந்தே அவற்றைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. என் இணைப்பின் ஐ.பி. முகவரியைத் தாளில் அச்சிட்டு மாணவர்களிடம் கொடுத்தனுப்பினேன். அன்றிரவு இடி மின்னலோடு பெருமழை. மோடத்தின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு உறங்கச் சென்றேன். மறுநாள் அதை மீண்டும் இணைத்தபோது எனக்கு இணையம் வந்தது. ஆனால், பெற்றோர் ஒருவராலும் என் கணினியை எட்ட முடியவில்லை. என் முகவரி மாறிப்போயிருந்தது.

பிழை என்னுடையதே. அத்தகைய இணைப்பின் இயல்பே அது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. வீட்டுக் கதவு எண் மாறுவதில்லை. தொலைபேசி எண்ணும் மாறுவதில்லை. இணைய முகவரி மட்டும் ஏன் மாறுகிறது? இக்கேள்விக்கு விடை தேடியபோது கிடைத்த வரலாற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

எல்லாரிடமும் நிலையான முகவரி இருந்த காலம்

இன்றும் பெருவழக்கில் உள்ள ஐ.பி. நான்காம் பதிப்பின் வரையறை, ஜான் போஸ்டல் என்பாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1981 செப்டம்பரில் வெளிவந்தது. 1983 சனவரி 1ஆம் நாள் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பு இந்நெறிமுறைக்கு மாறியது. ஒவ்வொரு முகவரியும் 32 இரும இலக்கங்களால் ஆனது. ஆகவே, மொத்த முகவரிகள் 4,294,967,296. வலையில் சில நூறு கணினிகளே இருந்த அந்நாளில் அது வற்றாத கடலாகத் தோன்றியது.

அதனால் முகவரிகள் தாராளமாக வழங்கப்பட்டன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்ற ஒரே பல்கலைக்கழகத்திற்கு 16 மில்லியனுக்கும் மேற்பட்ட முகவரிகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பகுதி பயன்படாமலே கிடந்தது. 2017இல்தான் அக்கழகம் அவற்றில் ஒரு பகுதியை விற்க முன்வந்தது. அக்காலத்தில் நிலையான முகவரி என்று தனியாக ஒன்று இல்லை. கொடுக்கப்பட்ட முகவரி கொடுக்கப்பட்டதுதான்.

பற்றாக்குறையும் தீர்வுகளும்

1990களின் தொடக்கத்தில் கடல் வற்றும் என்ற அச்சம் எழுந்தது. 1993இல் முகவரித் தொகுதிகளைத் தேவைக்கேற்பச் சிறிதாகவும் பெரிதாகவும் பகுத்து வழங்கும் முறை வந்தது. அதே ஆண்டில், முகவரியைக் குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் வாடகைக்கு விடுவதைப் போன்ற டி.எச்.சி.பி. முறையும் வரையறுக்கப்பட்டது. 1994இல் ஒரே பொது முகவரியைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளும் நாட் முறை வெளியானது. 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரிகள் 1996இல் இன்றைய வரையறையைப் பெற்றன.

நாட் முறையைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தோர் எளிதில் புரிந்துகொள்வர். அந்நாளில் கடிதங்கள் எல்லாம் தோட்ட அலுவலகத்தின் முகவரிக்கே வரும். கிராணியார் பெயரைப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பார். வெளியுலகிற்கு ஒரே முகவரி. உள்ளே நூறு வீடுகள். நம் வீட்டு ரவுட்டரும் ஒரு கிராணியார்தான். ஆனால், முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், வெளியிலிருந்து புதிதாக வருபவரை எந்த வீட்டிற்கு அனுப்புவது என்று அவருக்குத் தெரியாது.

செப்புக் கம்பியின் ஒருபக்கச் சாய்வு

குரலைச் சுமப்பதற்காகப் போடப்பட்ட தொலைபேசிக் கம்பியில், குரலுக்கு மேற்பட்ட அலைவரிசைகளில் தரவை அனுப்புவதே டி.எஸ்.எல். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜோசப் லெக்லைடர் ஓர் உண்மையைக் காட்டினார். இரு திசைகளிலும் சம வேகம் தராமல், வீட்டை நோக்கி மிகுதியாகவும் வீட்டிலிருந்து குறைவாகவும் அனுப்பினால், ஒரே கட்டிலுள்ள கம்பிகளிடையே ஏற்படும் குறுக்கீடு குறையும், வேகம் கூடும். இதுவே ஏ.டி.எஸ்.எல். 1999இல் உலகத் தரமான வடிவத்தில், இறங்குவேகம் நொடிக்கு 8 மெகாபிட் அளவை எட்டக்கூடியதாக இருந்தது. ஏறுவேகமோ ஏறத்தாழ 1 மெகாபிட் அளவில் நின்றது.

மலேசியாவில் 1990களில் ஜாரிங், டி.எம்.நெட் ஆகியவற்றின் வழி தொலைபேசியில் எண் சுழற்றி இணையம் கண்டோம். 2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் வந்தபின் டி.எஸ்.எல். இல்லங்களுக்குள் பரவியது. இத்தகைய இணைப்புகளில் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மோடம் அனுப்பியதும், சேவை நிறுவனத்தின் தொகுப்பிலிருந்து அப்போது கிடைக்கும் முகவரி ஒன்று நமக்கு ஒதுக்கப்படும். அணைத்துப் போட்டால் வேறொன்று வரலாம். எனக்கு நேர்ந்தது இதுவே.

அமைக்கும் முறை

நிலையான முகவரியை நாமே உருவாக்கிக்கொள்ள முடியாது. சேவை நிறுவனமே தர வேண்டும். பெரும்பாலும் வணிகத் திட்டங்களில், கூடுதல் கட்டணத்திற்கு அது கிடைக்கும். சில நிறுவனங்கள் நம் பயனர்பெயரோடு ஒரே முகவரியைப் பிணைத்துவிடும். அப்போது மோடத்தில் மாற்ற வேண்டியது ஏதுமில்லை. வேறு சில நிறுவனங்கள் ஐ.பி. முகவரி, உபவலை மறைப்பான், நுழைவாயில் முகவரி, பெயர்ச் சேவையக முகவரிகள் ஆகியவற்றை எழுதிக் கொடுக்கும்; அவற்றை மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் பிழையின்றிப் பதிய வேண்டும்.

அடுத்து, வீட்டினுள் இருக்கும் கணினிக்கும் 192.168.1.10 போன்ற மாறாத உள்முகவரி வேண்டும். ரவுட்டர் தானாக வழங்கும் எண்களின் வரம்பிற்கு வெளியே அதைத் தேர்ந்தால் மோதல் நேராது. இறுதியாக, குறிப்பிட்ட துறை எண்ணுக்கு வருவோரை இக்கணினிக்கு அனுப்புமாறு ரவுட்டரில் பதிய வேண்டும். கிராணியாரிடம் சொல்லி வைப்பது இதுதான். திறந்த கதவின் வழி திருடனும் வருவான் என்பதால், தேவையான கதவை மட்டும் திறந்து, மென்பொருள்களைப் புதுப்பித்து வருதல் கட்டாயம்.

வரலாறு சொல்லும் பாடம்

2011 பிப்ரவரி 3ஆம் நாள் உலகப் பொதுக் கையிருப்பின் கடைசி முகவரித் தொகுதிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பு இறுதித் தொகுதியை எட்டி, பங்கீட்டு நிலைக்கு வந்தது. அதன்பின் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கத் தொடங்கின. உங்கள் ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்களும் அவ்வரிசையில் இருக்கிறீர்கள் என்பது பொருள். அங்கு ரவுட்டரில் எவ்வளவு பதிந்தாலும் வெளியார் உள்ளே வர இயலாது. 128 இரும இலக்கங்கள் கொண்ட ஐ.பி. ஆறாம் பதிப்பே இதற்கான நெடுங்காலத் தீர்வு. 2012 சூன் 6ஆம் நாள் உலகின் பெரிய இணைய நிறுவனங்கள் பல அதை நிலையாக இயக்கத் தொடங்கின.

நிலையற்ற முகவரி, குறைந்த ஏறுவேகம் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டுக்கும் நியாயமான தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. எனினும், இரண்டும் வீட்டைப் பெறுமிடமாக மட்டுமே கருதின. தொடக்கத்தில் இணையத்தில் இணைந்த ஒவ்வொரு கணினியும் கொடுக்கவும் பெறவும் ஒத்த உரிமை கொண்டிருந்தது. அந்தச் சமநிலையை நாம் இழந்தது யாருடைய ஆணையாலும் அன்று, முகவரிப் பற்றாக்குறை போன்ற தொழில்நுட்பக் காரணங்களால்தான்.

இன்று செப்புக் கம்பிகள் ஒளியிழைக்கு இடம்விட்டு வருகின்றன. ஒலிப்பதிவுகளை ஏற்றி வைக்க இலவசத் தளங்களும் பல உள்ளன. வீட்டில் சேவையகம் வைக்க வேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை. ஆயினும், நம் பிள்ளைகளுக்கு இணையத்தைப் பார்க்கவும் கேட்கவும் மட்டும் கற்பித்தால் போதாது. தாங்கள் படைத்ததை உலகிற்குக் கொடுக்கும் வழியும் அதில் உண்டு என்பதை அவர்கள் அறிய வேண்டும். முகவரி மாறிய அந்தக் காலையில் பெற்றோர் கேட்காமல் போனது ஏழு வயதுப் பிள்ளைகளின் குரலை அல்லவா!