பட்டாளத்து லோரியில் ஏறிய பாரந்தூக்கி

1945-இல் உலகப் போர் ஓய்ந்ததும் பட்டாளத்து லோரிகள் வேலையின்றி நின்றன. அமெரிக்காவின் ஜி.எம்.சி. இரண்டரை டன் லோரி மட்டுமே ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டிருந்தது. அதன் மூன்று அச்சுகளுக்கும் இழுவை உண்டு, சேற்றுக்கு அஞ்சாது. ஐரோப்பாவில் அவற்றுள் பல, காட்டு மரம் சுமக்கப் போயின. ஆனால் கட்டைகளை ஏற்றியது மனிதத் தோள்தானே? கட்டை உருண்டால் கால் போய்விடும்.

சுவீடனின் ஹூடிக்ஸ்வால் ஊரில் எரிக் சுண்டின் என்பவர், லோரியின் இயந்திரமே பாரத்தையும் தூக்கட்டும் என்று எண்ணினார். அவர் பனிச்சறுக்குக் கட்டை செய்தவர் என்பதுதான் நமக்கு வியப்பு! 1944-இல் அவர் தொடங்கிய ஹியாப் நிறுவனம், 1947-இல் முதல் பாரந்தூக்கியைச் செய்தது. இயந்திரம் பம்பைச் சுழற்றும். பம்பு எண்ணெயை உருளைக்குள் தள்ளும். இரும்புக் கை உயரும்.

இத்தகைய பாரந்தூக்கிகள் பின்னர்ப் பட்டாளத்து லோரிகளிலும் ஏறின. அது எளிய வேலையன்று. லோரியின் அடிச்சட்டம், பாரம் பரவலாக அமர்வதற்கென்று செய்தது. பாரந்தூக்கியோ ஒரே இடத்தில் முறுக்கும். ஆகவே மேலே இன்னோர் இரும்புச் சட்டம் இறுக்கி, இருபுறமும் ஊன்றுகால் வைத்தார்கள். 2 மீட்டர் தூரத்தில் 1 டன் தூக்கும் கை, 4 மீட்டரில் ஏறத்தாழ அரை டன்தான் தூக்கும். பால் நிறைந்த வாளியைக் கைநீட்டிப் பிடித்தவர்களுக்கு இதை நாம் விளக்கவேண்டுமா?