சிதம்பரம் கப்பலும், தரையில் ஆடும் கடலும்

சிதம்பரம் என்றால் ஊர் தெரியும், கோயில் தெரியும், பல்கலைக்கழகம் தெரியும். அந்தப் பெயரில் ஒரு கப்பல் ஓடியது எத்தனை பேருக்குத் தெரியும்? கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பெரியவர்களிடம், அதிலும் சிங்கப்பூர், மலேசியாவில் சொந்தக்காரர்கள் உள்ள வீடுகளில் கேட்டுப் பாருங்கள். "ஆமாம்பா, எம்.வி. சிதம்பரம்!" என்று கதை ஆரம்பித்துவிடுவார்கள்.

1966இல் பிரான்சில் கட்டப்பட்ட கப்பல் அது. அப்போது அதன் பெயர் பாஸ்டர். மொத்தக் கொள்ளளவு சுமார் 18 ஆயிரம் பதிவு டன். 1970களின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி, சிதம்பரம் என்று பெயர் மாற்றி, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓட்டியது. நாகப்பட்டினத்திலும் பினாங்கிலும் நிற்கும். அதற்கு முன் பல பத்தாண்டுகள் அந்தப் பாதையில் ஓடியது ரஜூலா. 1926இல் கட்டப்பட்டு, 1974இல் உடைக்கப்பட்ட கப்பல். தொடக்க காலத்தில் 5 ஆயிரம் பேருக்கு மேல் தளப் பயணிகளாக ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. தளப் பயணி என்றால் அறை கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. டிக்கெட் மலிவு என்பதால் ஏழைகளின் கப்பல் அதுதான்.

பினாங்கு போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: குமட்டல், வாந்தி, தலைசுற்றல். ஆனால் இறங்கிய பிறகு நடப்பதைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை. கரையில் கால் வைத்தாயிற்று, தரை ஆடாமல்தான் இருக்கிறது. ஆனால் உடம்பு மட்டும் இன்னும் கடலில் இருக்கும்! கண்ணை மூடினால் கட்டில் மெல்ல ஏறி இறங்கும். குளிக்கும்போது சுவர் சாயும். நடந்தால் பஞ்சு மெத்தைமேல் கால் வைப்பது போல இருக்கும்.

இது ஏதோ பயந்தாங்கொள்ளிகளுக்கு மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். 1990களில் இஸ்ரேல் கடற்படையினரிடம் நடந்த ஓர் ஆய்வில், 10 பேரில் சுமார் 7 பேர் கரை இறங்கியதும் இந்த ஆட்டத்தை உணர்ந்ததாகச் சொன்னார்கள். கடலே வேலையாக உள்ளவர்களுக்கே இப்படி என்றால், வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைக் கடந்த விவசாயக் கூலிகளைப் பற்றி என்ன சொல்வது?

ஏன் ஆடுகிறது?

நம் காதுக்குள்ளே, கேட்கும் பகுதிக்குப் பக்கத்தில், உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் ஒரு சிறு அமைப்பு உண்டு. திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்களும், ஈர்ப்பு விசையை உணரும் இரண்டு சிறு பைகளும் சேர்ந்தது அது. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கிருந்து மூளைக்குச் செய்தி போகும். கண்ணும் காலும் தனியாகச் செய்தி அனுப்பும். மூன்றும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. கப்பலுக்குள் உட்கார்ந்திருக்கும்போது "அறை அசையவில்லை" என்று கண் சொல்லும், "ஆடுகிறோம்" என்று காது சொல்லும். அந்தச் சண்டையின் விளைவுதான் குமட்டல்.

இரண்டு மூன்று நாளில் மூளை சமாதானமாகிவிடும். "ஆட்டம்தான் இனி வழக்கம்" என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அலைக்கும் முன்கூட்டியே ஈடுகட்டப் பழகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இறங்கியவுடன் அது உடனே நிற்பதில்லை. வணிகவியல் படிப்பவர்களுக்குச் சுலபமாகப் புரியும்: கடல் கணக்கை முடித்தாயிற்று, ஆனால் இருப்பு கீ/கொ என்று தரைக் கணக்கின் முதல் வரியில் வந்து உட்கார்ந்துவிட்டது :-)

பெரும்பாலானவர்களுக்கு அந்த இருப்பு சில மணி நேரத்தில், மிஞ்சினால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். சிலருக்குத் தீராது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட நீடிக்கும். பிரெஞ்சு மொழியில் இதற்கு 'மால் தெ தெபார்க்மான்' என்று பெயர். கரை இறங்கியதால் வரும் நோவு என்று பொருள்.

யார் கவனித்தார்கள்?

இந்த ஆட்டத்தைப் பற்றித் தெளிவாக எழுதிய பழையவர்களில் ஒருவர் எராஸ்மஸ் டார்வின் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1790களில் வெளியான தன் 'சூனோமியா' நூலில், நெடுநாள் கப்பலில் இருந்து திரும்பியவர்களுக்கு அரைத்தூக்கத்தில் அறையும் சாமான்களும் ஆடுவதுபோலத் தோன்றும் என்று குறிப்பிட்டார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய பேரன்தான் சார்லஸ் டார்வின். 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றியவர், பயணம் முடியும்வரை கடல் குமட்டலால் அவதிப்பட்டார்.

1882இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டார். காது கேளாதவர்களில் பலருக்குச் சுற்றினாலும் தலைசுற்றுவதில்லை. கொந்தளிக்கும் கடலிலும் சிலருக்குக் குமட்டுவதில்லை. பிரச்சினை வயிற்றில் இல்லை, உள்காதில் என்பதற்கு இது நல்ல தடயம். அந்த உள்காது அமைப்பை ஆராய்ந்ததற்காக ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆனாலும் நீடிக்கும் ஆட்டத்தைத் தனி நோயாக மருத்துவ உலகம் பார்க்க 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பிரவுன், பலோ என்ற இரு மருத்துவர்கள் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1985 பிப்ரவரியில், நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்களைப் பலிகொண்ட நம் சிதம்பரம் கப்பலின் பயணிகள் சேவை முடிந்துபோயிருந்தது. அதாவது, நோய்க்கு மருத்துவப் புத்தகத்தில் இடம் கிடைத்தபோது, நம் ஊர் மக்களை ஏற்றிச் சென்ற கப்பலே இல்லை!

இறங்கியவர்கள் கதை

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்ட 'ட்ரூரோ' நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. ஒரு மாதத்துக்கு மேல் கடல்தான். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அது. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்தும் பிற்பாடு ஏராளமானோர் மலேயா, மொரீஷியஸ், நேட்டால் என்று போனார்கள்.

ஏறும்போதே ஆட்டம் தொடங்கிவிடும். கடலூரிலும் சரி, நாகப்பட்டினத்திலும் சரி, பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டிப் படகில் போய்த்தான் ஏற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

போய் இறங்கியவர்களுக்கு ஓய்வா கிடைத்தது? தொற்று இருக்குமோ என்று தனிமை முகாம், அப்புறம் நேரே தோட்டத்து வேலை. பால் மரத்தில் சரியான ஆழத்தில் கத்தி போட வேண்டிய கைக்கு, தரை நிலையாக இல்லை என்றால்? "தலை சுத்துது" என்றால் சோம்பேறி என்று சொல்ல ஆள் இருந்திருக்கும், உள்காதைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. இன்றும் நிலைமை முழுசாக மாறவில்லை. ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது, காதுப் பரிசோதனையும் சரியாக இருக்கும். "எல்லாம் மனப்பிரமை" என்று அனுப்பிவிடுவார்கள். இந்த நோய் நீடிப்பவர்களில் நடுவயதுப் பெண்கள் அதிகம் என்பதால் அந்தப் பேச்சு இன்னும் சுலபமாக வந்துவிடுகிறது.

என்ன செய்யலாம்?

கப்பல்கள் மீண்டும் வந்திருப்பதால் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். 2022 ஜூனில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கியது.

பயணத்தின்போது: கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. மேலே வந்தால் தொடுவானத்தைப் பாருங்கள். புத்தகம், செல்பேசி வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். நம் பாட்டிமார்கள் பஸ் பயணத்துக்கு இஞ்சி கொடுப்பதற்கும் ஆதாரம் உண்டு. 1988இல் 80 டென்மார்க் கடற்படைப் பயிற்சி மாணவர்களிடம் சோதித்தபோது, இஞ்சித் தூள் வாந்தியைக் குறைத்தது.

இறங்கிய பிறகு: முதலில் பயப்படாதீர்கள். படுத்தே கிடக்காமல், வெளிச்சத்தில் தூரத்துப் பொருளைப் பார்த்து நடங்கள். நன்றாகத் தூங்குங்கள். ஆட்டம் அடங்கும்வரை வண்டி ஓட்டாதீர்கள். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். ஒரு தகவலை மறக்காமல் சொல்லுங்கள்: பஸ்ஸிலோ காரிலோ போகும்போது ஆட்டம் குறைந்து, நின்றவுடன் திரும்ப வருகிறதா என்று. இந்த நோயின் முக்கிய அடையாளமே அதுதான். வழக்கமான தலைசுற்றல் மாத்திரைகள் இதற்குப் பெரும்பாலும் உதவுவதில்லை.

2014இல் நியூயார்க் மருத்துவர்கள் ஒரு புது வழியைச் சொன்னார்கள். கண்முன்னே கோடுகள் நகரும்போது, நோயாளியின் தலையை அவருடைய ஆட்டத்தின் வேகத்திலேயே மெல்லச் சாய்த்துச் சாய்த்து, மூளை பழகியதை மறக்கச் செய்வது. 24 பேரில் 17 பேருக்கு நல்ல பலன் தெரிந்தது. பாரனி பெயரிலான சர்வதேச மருத்துவச் சங்கம் 2020இல் இந்த நோயைக் கண்டறியும் விதிகளையும் வெளியிட்டது.

ரஜூலாவிலும் சிதம்பரத்திலும் போனவர்களில் சிலர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் பயணம் எப்படி இருந்தது என்று கேட்பவர்கள், இறங்கிய பிறகு எத்தனை நாள் தரை ஆடியது என்றும் சேர்த்துக் கேளுங்கள். அதை எழுதி வையுங்கள். வேறு எங்கும் அது பதிவாகாமல் போய்விடலாம்.